எப்காட்டா, கலிபோர்னியாவா, வில்லியம்ஸ்பர்கா? நண்பர்களோடு எந்த ஃபுட் அண்ட் ஒயின் திருவிழாவுக்குப் போகலாம்

நண்பர்கள் குழுவில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் ஃப்ளோரிடாவின் எப்காட் என்பார். "செப்டம்பர்ல ஃப்ளோரிடாவா?" என்று இன்னொருவர் கேட்பார். மூன்றாமவர், "நான் குடிக்கிறதே இல்லை, எனக்கு அங்கே என்ன இருக்கு?" என்பார். ரோலர் கோஸ்டர் பிரியருக்கு அரை மனசு. சைவம் சாப்பிடுபவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் கடைசியில் பட்டினி கிடப்பது அவராகத்தான் இருக்கும். இரண்டு வாரம் பேசியும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் மூன்று இடங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட், அனஹைமில் டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர், வர்ஜீனியாவில் புஷ் கார்டன்ஸ் வில்லியம்ஸ்பர்க். மூன்றும் தீம் பார்க்குகள், மூன்றிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். பார்க் டிக்கெட் இருந்தால் திருவிழாவுக்குத் தனி நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே வரிசையாக ஸ்டால்கள் இருக்கும். நாலைந்து வாய் அளவுக்குச் சின்ன பிளேட், சின்னக் கிளாஸில் ஒயின் அல்லது பீர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு.

## முதலில் எதை வைத்து அளப்பது

"எந்தத் திருவிழா பெரியது" என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். நண்பர்களோடு போகும்போது அதைவிட முக்கியமானவை ஐந்து.

ஆட்கள். எத்தனை பேர் குடிப்பவர்கள், எத்தனை பேர் சைவம், ரைடு இல்லாவிட்டால் யாருக்கு முகம் வாடும்? மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

மொத்தச் செலவு. ஒரு பிளேட் 8 டாலர் என்று பார்த்தால் மலிவாகத் தெரியும். நுழைவு, பார்க்கிங், விமானம், இரவு தங்கல் எல்லாம் சேர்ந்த பிறகு உணவுதான் இருப்பதிலேயே சின்னச் செலவாக நிற்கும்.

வானிலை. ஸ்டால்கள் திறந்தவெளியில் இருக்கின்றன. நின்றபடியே சாப்பிட வேண்டியிருக்கும்.

பகிர வசதி. இந்தச் சின்ன பிளேட்டுகள் பகிர்ந்து சாப்பிடத்தான் லாயக்கு. ஒரு சின்னக் கணக்கு: நாலு பேர் சேர்ந்து சராசரி 8 டாலருக்குப் பத்து பிளேட் வாங்கினால் 80 டாலர், வரியோடு 85 டாலர் சுமார். ஆளுக்கு 21 டாலரில் பத்து ருசி கிடைக்கிறது. அதே நாலு பேர் தனித்தனியே ஆளுக்கு ஆறு பிளேட் வாங்கினால் ஒருவருக்கே 50 டாலர் தாண்டும், ருசியோ ஆறுதான். பகிர முடியாத செலவு பானம்தான், பில் ஏறுவதும் அங்கேதான்.

நாள். சனிக்கிழமை மாலையும் செவ்வாய்க்கிழமை மாலையும் ஒரே இடத்தில் இரண்டு வேறு அனுபவங்கள். உங்கள் குழுவுக்கு வார நாளில் லீவு கிடைக்குமா என்பதே சில சமயம் முடிவைச் சொல்லிவிடும்.

## எப்காட், ஃப்ளோரிடா

மூன்றில் மூத்ததும் பெரியதும் இதுதான். 1996ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு மாத விழாவாக இருந்தது, இப்போது பல மாதங்களுக்கு நீண்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் மூன்றாம் வாரம் வரை தினமும் நடக்கிறது.

இதன் பலம் அந்த இடத்தின் அமைப்பு. எப்காட்டின் பின்பாதியில் ஒரு ஏரி, அதைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று பதினொரு நாட்டு அரங்குகள். ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர். அந்த அரங்குகளுக்கு இடையிடையே திருவிழா ஸ்டால்கள் முளைக்கும், பார்க்கின் முன்பாதியிலும் உண்டு. எல்லாம் சேர்த்தால் முப்பதை ஒட்டி வரும். ஏரிக்கரையில் மெதுவாக நடப்பது, ஒரு ஸ்டாலில் நிற்பது, ஒரு பிளேட்டை நாலு பேர் சுற்றி நின்று காலி செய்வது, மறுபடி நடப்பது. பேசிக்கொண்டே நேரம் போக்க விரும்பும் நண்பர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. நாள் முழுக்க உட்கார்ந்து பேசினால்கூட வராத பேச்செல்லாம் இப்படி நடக்கும்போது வரும்.

சைவர்களுக்கு இங்கே வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் மெனுவைப் படிக்கத் தெரிய வேண்டும். டிஸ்னி மெனுவில் இலைச் சின்னம் இருந்தால் அந்தப் பதார்த்தத்தில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று பொருள். இலை இல்லாவிட்டால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கனடா ஸ்டாலில் பல ஆண்டுகளாகப் பேர் வாங்கிய செடார் சீஸ் சூப்பைப் பாருங்கள். மஞ்சளாக, கெட்டியாக, பக்கத்தில் ஒரு பிரெட்சல் ரொட்டியோடு வரும். பார்த்தால் சுத்த சைவம் போலத்தான் இருக்கும், அதில் பன்றி பேகன் சேர்த்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் ஸ்பூனில் எடுத்துவிட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. ஸ்டாலில் ஒவ்வாமைப் பட்டியல் வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இப்படிக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. சில ஆண்டுகளில் இந்தியா ஸ்டாலும் இருந்திருக்கிறது. காலிஃபிளவர், கேரட், கொண்டைக்கடலை போட்டு பாஸ்மதி சோற்றோடு 'மெட்ராஸ் ரெட் கறி' என்று ஒன்று அங்கே விற்றார்கள், அது முழுச் சைவம். நம்ம ஊர்க் குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பேரைப் பார்த்த சந்தோஷத்துக்கு ஒரு பிளேட் வாங்கலாம்.

குடிக்காதவருக்கும் மாலையில் பொழுதுபோக்கு உண்டு. அமெரிக்க அரங்கின் எதிரே உள்ள மேடையில் 'ஈட் டு தி பீட்' இசை நிகழ்ச்சிகள் நடக்கும். டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம். இரவு ஏரியில் வாணவேடிக்கை.

இனி மறைசெலவுகள். நுழைவு டிக்கெட் நாளுக்கு நாள் மாறும், நூறு டாலரைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும், கூட்ட நாட்களில் 200ஐ நெருங்கும். பார்க்கிங் 30 டாலருக்குக் குறையாது. வெயிலுக்கும் ஒரு விலை உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் எப்காட் இருக்கும் ஆர்லாண்டோ புழுங்கித் தள்ளும், பிற்பகலில் இடி மின்னலோடு மழை அடிக்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம் என்பதையும் விமான டிக்கெட் எடுக்கும்போது மனதில் வையுங்கள், மாற்றிக்கொள்ள முடியாத டிக்கெட் வேண்டாம். தாகத்துக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் நிரந்தர கவுண்டர் உணவகங்களில் கேட்டால் ஒரு கப் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

பெரிய மறைசெலவு கூட்டம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை உள்ளூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். பதினொரு நாட்டிலும் ஒவ்வொரு கிளாஸ் குடித்துச் சுற்றி வருவதை ஒரு பந்தயமாகவே வைத்திருக்கும் குழுக்கள் அன்றைக்குத்தான் வரும். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அந்தக் கரையில் குழந்தை வண்டியோடு நடப்பது சிரமம். அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் ஆரம்பத்தில், திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் பார்த்துப் போங்கள். உலக அரங்குகளின் பகுதி வழக்கமாக 11 மணிக்குத் திறக்கும். அப்போது உள்ளே இருந்தால் முதல் இரண்டு மணி நேரம் வரிசையே பெரிதாக இருக்காது. முன்வாசலில் நுழைகிற கூட்டம் மெக்சிகோ பக்கமோ கனடா பக்கமோதான் முதலில் மொய்க்கும். பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே ஒரு பின்வாசல் இருக்கிறது. பக்கத்து ஹோட்டல்களிலிருந்து நடந்தும், ஸ்கைலைனர் என்ற கேபிள் காரிலும் அங்கே வந்து சேரலாம்.

இன்னொன்று. ஐந்து ஸ்டால்களில் சீஸ் பதார்த்தம் வாங்கி முத்திரை சேர்த்தால் கடைசியில் ஒரு பரிசுத் தின்பண்டம் தருவார்கள். குழு பெரிதாக இருந்து பகிர்வதானால் அது நல்ல விளையாட்டு. இரண்டே பேர் என்றால் அந்த முத்திரைக்காகவே பிடிக்காத சீஸை வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

## டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர், அனஹைம்

இது வசந்த காலத் திருவிழா. மார்ச், ஏப்ரலை ஒட்டித் தினமும் நடக்கும். 2006ல் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் நின்று, 2016ல் மறுபடி வந்தது. ஸ்டால்கள் ஒரு டஜனை ஒட்டித்தான். ஆனால் பார்க்கே சின்னது, நடை குறைவு. எப்காட் நாடு வாரியாகப் பிரிக்கிறது என்றால் இங்கே பொருள் வாரியாகப் பிரிக்கிறார்கள்: பூண்டுக்கு ஒரு ஸ்டால், அவகாடோவுக்கு ஒன்று, ஆர்டிசோக்குக்கு ஒன்று, பாதாம் பிஸ்தாவோடு சீஸுக்கு ஒன்று. கலிபோர்னியா மண்ணில் விளைவதைக் காட்டுவதுதான் நோக்கம். ஒயினிலும் அப்படித்தான், உள்ளூர்த் திராட்சைத் தோட்டங்களுக்கே முன்னுரிமை. ஒயினை உண்மையாகவே ருசி பார்க்க விரும்பும் நண்பர் குழுவில் இருந்தால், பதினொரு நாட்டைச் சுற்றுவதைவிட ஒரே மாநிலத்தின் ஒயின்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.

இங்கே 'சிப் அண்ட் சேவர் பாஸ்' என்று ஒன்று விற்கிறார்கள். முன்பணம் கட்டிக் குறிப்பிட்ட எண்ணிக்கைச் சீட்டுகள் வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பிளேட் என்று எடுத்துக்கொள்ளலாம். இது லாபமா? பாஸின் விலையைச் சீட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அதைவிட விலை கூடிய பிளேட்டுக்கு மட்டும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் லாபம். இனிப்பு, பழச்சாறு போன்ற விலை குறைந்தவற்றைக் காசு கொடுத்தே வாங்குங்கள். மதுவுக்கு இந்தச் சீட்டு செல்லாது. அதனால் குடிக்காதவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும், ஒயினுக்காகவே வருபவர்களுக்கு அவ்வளவு பயனில்லை.

செலவைப் பார்த்தால், டிஸ்னிலேண்ட் வளாகத்தின் ஒருநாள் டிக்கெட் 104 டாலரில் தொடங்கி, கூட்ட நாட்களில் 200ஐத் தாண்டும். அந்த 104 டாலர் நாள் வருஷத்தில் கொஞ்சம்தான். பள்ளி வசந்த விடுமுறையும் ஈஸ்டரும் திருவிழாக் காலத்திலேயே வருவதால், மலிவான நாள் கிடைப்பது கஷ்டம். இதுதான் இங்கே எல்லோரும் கோட்டை விடும் செலவு. தேதியைக் குழு முடிவு செய்த பிறகு விலை பார்க்காதீர்கள். விலைக் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தேதியை முடிவு செய்யுங்கள்.

எதிரிலேயே டிஸ்னிலேண்ட் இருப்பதால், இரண்டு பார்க்குக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கத் தோன்றும். திருவிழாவுக்காக வருகிற நாளில் அது வேண்டாம் என்பது என் கருத்து. கூடுதல் காசைக் கொடுத்துவிட்டு, அது வீணாகக் கூடாதே என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள். சாப்பாட்டை ரசிக்க நேரம் இருக்காது.

வானிலை மூன்றில் இங்கேதான் இதம். மார்ச் மாலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

## புஷ் கார்டன்ஸ், வில்லியம்ஸ்பர்க்

டிஸ்னியை மட்டுமே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா, ரிச்மண்ட் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு இதுதான் முதலில் யோசிக்க வேண்டிய இடம். வாஷிங்டனிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர், ரிச்மண்டிலிருந்து அதில் மூன்றில் ஒரு பங்கு. விமான டிக்கெட்டே வேண்டாம், காரில் நாலு பேர் ஏறினால் போதும். இந்த ஒரு காரணத்தாலேயே மொத்தச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

1975ல் திறந்த இந்தப் பார்க்கே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்று ஐரோப்பியக் கிராமங்களாக அமைந்தது. வசந்தத்தின் கடைசியில் ஆரம்பித்துக் கோடைத் தொடக்கம் வரை, பெரும்பாலும் வார இறுதியை ஒட்டிய நாட்களில் திருவிழா நடக்கும். வார நாளில் கூட்டமில்லாமல் போகலாம் என்ற தந்திரம் இங்கே செல்லாது. போகும் தேதியில் ஸ்டால்கள் திறந்திருக்குமா என்று முதலில் பாருங்கள்.

இங்கே மற்ற இரண்டிலும் இவ்வளவு இல்லாத ஒன்று, நெஞ்சை அடைக்கும் ரோலர் கோஸ்டர்கள். 62 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் கிரிஃபன், ஆல்பன்கைஸ்ட், 1978லிருந்து ஓடும் லாக் நெஸ் மான்ஸ்டர், 2022ல் வந்த பாந்தியன். ரைடுக்காக வருபவரும் சாப்பாட்டுக்காக வருபவரும் கலந்த குழுவென்றால் இங்கே யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் ரைடு, பிறகு சாப்பாடு, கடைசியில்தான் ஒயின். தலைகீழாகச் செய்தால் கிரிஃபனின் உச்சியில் தெரியும்.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சாம்ப்ளர் அட்டை இங்கே பிரபலம். குறிப்பிட்ட எண்ணிக்கை ருசிகளுக்கு முன்பணம். உணவுக்கும் பானத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கலிபோர்னியாவின் பாஸை விட மேல். பெரிய அட்டையாக ஒன்று வாங்கி நாலு பேர் பகிர்ந்தால் கணக்கு நன்றாக வரும். நுழைவு டிக்கெட்டை வாசலில் வாங்காதீர்கள், ஆன்லைனில் அடிக்கடி தள்ளுபடி வரும். ஆண்டுக்கு இரண்டாவது முறை வரும் எண்ணமிருந்தால் ஆண்டுப் பாஸின் விலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. இலைச் சின்னம் போன்ற தெளிவை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சைவர்கள் ஒவ்வொரு ஸ்டாலிலும் வாய் திறந்து கேட்டாக வேண்டும். நிலம் மேடும் பள்ளமும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சோதனை. சமையலின் தரத்திலும் எப்காட் ஒரு படி மேல்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எப்காட் | கலிபோர்னியா அட்வென்ச்சர் | புஷ் கார்டன்ஸ் வில்லியம்ஸ்பர்க் |
|---|---|---|---|
| காலம் | ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் | மார்ச், ஏப்ரலை ஒட்டி | வசந்தக் கடைசி முதல் கோடைத் தொடக்கம் |
| நாட்கள் | தினமும் | தினமும் | வார இறுதியை ஒட்டி |
| வானிலை | தொடக்கத்தில் புழுக்கம், மழை. நவம்பரில் இதம் | இதம், மாலையில் குளிர் | மே இதம், ஜூன் வெக்கை |
| உணவு வகை | மிக அதிகம் | அளவோடு, கலிபோர்னியப் பொருட்கள் | நடுத்தரம் |
| சைவம் | தெளிவான குறியீடு | தெளிவான குறியீடு | கேட்டு வாங்க வேண்டும் |
| முன்பணச் சீட்டு | இல்லை, கிஃப்ட் கார்டு உண்டு | உண்டு, மதுவுக்குச் செல்லாது | உண்டு, பானத்துக்கும் செல்லும் |
| பெரிய ரைடுகள் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | வார இறுதிக் கூட்டம், புயல் | விடுமுறை நாள் டிக்கெட் விலை | தேதிக் கட்டுப்பாடு, மேட்டு நடை |

## யாருக்கு எது

கல்லூரி நண்பர்கள் பல ஊர்களிலிருந்து வந்து சந்திக்கிறீர்கள், பேச வேண்டியது நிறைய இருக்கிறது என்றால் எப்காட், நவம்பர் முதல் வாரம், வார நாள். வேறு யோசனையே வேண்டாம். ஒரு நாள் போதாது என்று தோன்றினால் இரண்டாம் நாளை மாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரையில் இருக்கிறீர்கள், கைக்குழந்தையோடு ஒரு ஜோடி, குடிக்காதவர்கள் பாதி என்றால் அனஹைம். நடை குறைவு என்பதே அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருஷம் ஆன இளவட்டம், கையில் காசு அளவோடு, கார் இருக்கிறது என்றால் வில்லியம்ஸ்பர்க்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், அவர்களையும் அழைத்துப் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எப்காட்டின் நாட்டு அரங்குகள் அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும், சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம், வேறு நாளில் அழைத்துப் போங்கள்.

## எங்கே போனாலும் முன்கூட்டிப் பேச வேண்டியவை

பில்லைச் சமமாகப் பிரிப்பதுதான் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வரும் இடம். மூன்று பிளேட் சைவம் சாப்பிட்டவர், ஆறு கிளாஸ் ஒயின் குடித்தவரின் பங்கையும் சேர்த்துக் கட்டுவார், வாய் திறந்து சொல்லவும் மாட்டார். உணவுக்கு மட்டும் பொதுப்பணம் வையுங்கள், பானம் அவரவர் கணக்கு. டிஸ்னியில் என்றால் ஆளுக்குச் சமத் தொகை போட்டு ஒரு கிஃப்ட் கார்டை நிரப்பிக்கொண்டால், அது தீரும்வரை உணவு என்று எளிதாக முடியும். எப்காட்டில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும்படியே விற்கிறார்கள்.

மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், தலை நரைத்திருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நண்பர் பாஸ்போர்ட்டையே கையில் வைத்திருப்பது நல்லது, போனில் இருக்கும் படம் செல்லாது.

யார் கார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு மூன்று மாநிலங்களிலும் 0.08 சதவீதம். கிளாஸ் சின்னதாக இருப்பதால் எத்தனை உள்ளே போனது என்று கணக்கு தப்பிவிடும். விசாவில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்கு முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். அடுத்த முறை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது புது விசாவுக்கு நிற்க வேண்டியிருக்கும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். ஊபருக்கு ஆகும் தொகையைப் பயணச் செலவுக் கணக்கில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.